சரோஜாம்மா சொல்ல மறுத்த எழுத்து

“உங்க வீட்டுக்காரர் பேர் என்னம்மா?”

நான் கேட்டதும் சரோஜாம்மா கையிலிருந்த மத்தி மீனைச் சட்டியில் நழுவவிட்டு, புறங்கையால் வாயை மூடிக்கொண்டார். ஐம்பதை நெருங்கும் அம்மாவுக்கு அப்படி ஒரு வெட்கம் வந்து நான் பார்த்ததில்லை. தோள் இரண்டும் குலுங்கின.

“இன்னா கண்ணு, காலங்காத்தால வந்து இப்டி ஒரு கேள்வி கேக்குற?”

காலங்காத்தால எல்லாம் இல்லை. மணி பன்னிரண்டு. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜோகுபாளையத்தில் வீட்டுக்கு வீடு மீன் குழம்பு கொதிக்கிற நேரம். என் கையில் ஒரு தாள். அதில் பதிமூன்று பெண்களின் பெயர்கள். பன்னிரண்டுக்கு நேரே டிக் அடித்தாகிவிட்டது. பதிமூன்றாவது, சரோஜாம்மாவின் ஒரே மகள் கலா.

கலாவின் அப்பா பெயருடைய முதல் எழுத்து எனக்கு வேண்டும். அது கிடைக்காவிட்டால் மறுநாள் காலை பத்து மணிக்கு அவள் தரவேண்டிய வேலை மனு இல்லை. இரண்டு மணிக்குப் போகிற கரண்ட் ராத்திரிதான் வரும் என்று வேறு அறிவித்திருந்தார்கள். அவ்வளவுதான் விஷயம்.

சென்ற வாரம் இந்தத் தொடரில் அக்காவின் கல்யாணக் கூத்தை எழுதியதற்கு அக்கா மூன்று நாட்கள் என்னோடு பேசவில்லை. இந்த வாரம் என் மானத்தை நானே வாங்கிக்கொள்கிறேன். அவள் சமாதானமாகட்டும்.

செருப்பை வெளியே விடவும்

அப்போது எனக்கு இருபத்தொரு வயது. தொம்மலூரில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, ஓல்டு மெட்ராஸ் ரோட்டில் ஒரு பேக்கரிக்கு மேலே இருந்த டைப்பிங் சென்டரில் சேர்ந்திருந்தேன். ஒரே அறை, இரண்டு கம்ப்யூட்டர், கிர்ரென்று கத்தும் ஒரு பிரிண்டர். பேக்கரியில் பன் வேகிற வாசனை பத்து மணிக்கு மாடி ஏறி வரும். அதன்பிறகு மதியம் வரை யாருக்கும் வேலையில் மனது நிற்காது.

வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். தூசி பட்டால் கம்ப்யூட்டருக்கு ஆகாதாம். இருந்த ஒரே மேசை விசிறியும் கம்ப்யூட்டரைப் பார்த்துத்தான் சுழலும், எங்களைப் பார்த்து அல்ல. ஆயுத பூஜைக்கு வைத்த குங்குமம் இரண்டு திரைகளின் நெற்றியிலும் வருஷம் முழுக்க இருக்கும். அதைத் துடைக்க முதலாளி நாகராஜ் சார் விடமாட்டார்.

இன்று பிள்ளைகள் ஒரு படத்தைத் தொடுகிறார்கள், திறக்கிறது. அன்று படமும் இல்லை, பொம்மையும் இல்லை. கறுப்புத் திரை, ‘சி’ என்று ஓர் எழுத்து, பக்கத்தில் மினுக்மினுக்கென்று ஒரு கோடு. அதன் பெயர் டாஸ். டிஸ்கில் எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது, எதை எடுப்பது, எதை அழிப்பது என்பதெல்லாம் அதன் பொறுப்பு. நாம் எழுத்தெழுத்தாகக் கட்டளையைத் தட்ட வேண்டும். சொன்னதைச் செய்யும். சொன்னது முட்டாள்தனம் என்றாலும் செய்யும். எங்கள் நாகராஜ் சாருக்கு அதனால்தான் அதை ரொம்பப் பிடிக்கும்.

இன்னொரு கஷ்டம், கோப்புக்குப் பெயர் வைப்பது. எட்டு எழுத்துக்கு மேல் டாஸ் ஒத்துக்கொள்ளாது. ராஜேஸ்வரி, மகாலட்சுமி என்று பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர்களை எல்லாம் நான் வாலை நறுக்கித்தான் உள்ளே விடவேண்டும்.

மூன்று செல்விகள்

எலெக்ட்ரானிக் சிட்டியில் புதிதாக ஒரு கம்பெனி திறந்தது. சர்க்யூட் போர்டு பொருத்துகிற வேலைக்குப் பெண்கள் வேண்டும் என்றார்கள். பயோடேட்டா கட்டாயம் டைப் அடித்திருக்க வேண்டும், வயது இருபத்தைந்துக்குள் இருக்க வேண்டும், கடைசி நாள் அந்தத் திங்கட்கிழமை.

கலா ஒரு கார்மெண்ட் ஃபாக்டரியில் தையல் மெஷினில் இருந்தாள். என் பள்ளிக்கூடத்தில் எனக்கு மூன்று வகுப்பு மேலே படித்தவள். அடுத்த மாதம் அவளுக்கு இருபத்தைந்து முடிகிறது. இதை விட்டால் அவளுக்கு இன்னொரு தடவை கிடையாது. ஆனாலும் தனியாகப் போகிற பெண் இல்லை அவள். கூட வேலை பார்க்கிறவர்கள், தெருக்காரர்கள் என்று நாற்பது பேரைக் கிளப்பிவிட்டு, நாற்பத்தொன்றாவது ஆளாகத் தன் தாளையும் வைத்துக் கட்டாகக் கொண்டுவந்து கொடுத்தாள்.

“அமுதா, நீதான் அடிச்சித் தரணும். வெளிய வேற யாருக்கும் தெரிய வேணாம். சூப்பர்வைசருக்குத் தெரிஞ்சா இருக்கற வேலையும் போயிரும்.”

அடித்தேன். வந்த நாற்பத்தொரு பேரில் மூன்று பேர் செல்வி, இரண்டு பேர் விஜயா. டாஸ் ஒரே பெயரில் இரண்டு கோப்பை வைத்துக்கொள்ளாது. அதனால் பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டைப் போல இனிஷியலை முன்னால் போட்டுவிட்டேன். கே செல்வி, எம் செல்வி, ஆர் செல்வி. நம் ஊரில் அப்பாவின் எழுத்து முன்னால், நம் பெயர் பின்னால், அதுதானே வழக்கம்? இதைவிடப் புத்திசாலித்தனமான ஏற்பாடு உலகத்திலேயே கிடையாது என்று எனக்கு ஒரே பெருமை.

ஒவ்வொன்றும் அடித்து முடிந்ததும் கையெழுத்துத் தாளைக் கிழித்துக் குப்பையில் போட்டேன். மேசை சுத்தமாக இருக்கவேண்டும் எனக்கு. அந்தக் குணத்தால் பட்ட பாடுகளை எழுதினால் தனித் தொடரே ஓடும்.

அந்த ‘ஒய்’

சனிக்கிழமை கிளம்பும்போது நாகராஜ் சார் தன் பாதிக் கன்னடத் தமிழில் சொன்னார். “அமுதா, ஹளே லெட்டர்ஸ் டைரக்டரி சும்மா இடத்த அடைச்சிட்டு கெடக்கு. நாளைக்கு வந்து காலி பண்ணிடு. ஆமேல உன் பிரிண்ட் எல்லாம் எடுத்துக்கோ.”

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்குச் சாவி வாங்கித் திறந்தேன். சார் சொன்ன வேலையை முதலில் முடித்துவிடலாம் என்று பழைய கடிதங்கள் இருந்த டைரக்டரிக்கு, அதாவது டிஸ்குக்குள் அவற்றுக்கென்று இருந்த அறைக்கு, போகும் கட்டளையைத் தட்டினேன். அதில் ஓர் எழுத்து தவறிவிட்டது. அப்படி ஒரு இடமே இல்லை என்று டாஸ் சொல்லியிருக்கிறது. நான்தான் படிக்கவில்லை. திரையில் வெறும் ‘சி’தான் தெரியும், எந்த அறைக்குள் நிற்கிறோம் என்று தெரியாது. நான் நின்றது பயோடேட்டா இருந்த டைரக்டரியில்.

டெல், ஒரு நட்சத்திரம், புள்ளி, இன்னொரு நட்சத்திரம். இருக்கிற எல்லாவற்றையும் அழி என்று அதற்கு அர்த்தம்.

எல்லாம் அழிந்துவிடும், நிச்சயம்தானா என்று டாஸ் கேட்டது. ஆமாம் என்பதற்கு ‘ஒய்’. தட்டினேன். சந்தோஷமாக வேறு தட்டினேன்.

பிறகு செல்வியின் கோப்பைக் கூப்பிட்டேன். இல்லை என்றது. விஜயா? இல்லை. கலா? இல்லை. காது இரண்டும் சூடாகிவிட்டன. கீழே பேக்கரியில் யாரோ தேங்காய் பன் கேட்டுச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். அந்தக் குரல் இன்றும் எனக்குக் கேட்கிறது.

அழுதேனா என்றால், அழுதேன். ஐந்து நிமிடம். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, படித்த காலத்து நோட்டை எடுத்தேன். அழித்ததை மீட்க ‘அன்டெலீட்’ என்று ஒரு கட்டளை இருப்பதாக எழுதி வைத்திருந்தேன். டாஸ் கோப்பை உண்மையில் அழிப்பதில்லை, பெயரின் முதல் எழுத்தை மட்டும் எடுத்துவிட்டு அந்த இடம் காலி என்று குறித்துக்கொள்கிறது. அதன் மேல் வேறு எதையும் எழுதிவிடக் கூடாது. மீட்கும்போது முதல் எழுத்தைக் கேட்கும். அதற்குக் கீழே சிவப்பு மையில், இரண்டு கோடு போட்டு, ‘சரியான எழுத்தைத் தரவும்’.

கட்டளையைத் தட்டினேன். வந்தார்கள் எல்லோரும், தலையில்லாமல்! கேள்விக்குறி செல்வி, கேள்விக்குறி விஜயா, கேள்விக்குறி கலா.

உலகத்திலேயே புத்திசாலித்தனமான ஏற்பாடு என்றேனே, அதன் லட்சணம் அப்போதுதான் புரிந்தது. நாற்பத்தொரு பெண்களுக்கும் போயிருந்தது அப்பாவின் எழுத்து.

மயில்மேல் வருகிறவர்

இருபத்தெட்டுப் பேரின் அப்பாக்களை எனக்கு நேரடியாகத் தெரியும், அல்லது அடித்தது நினைவிருந்தது. கோப்பின் பக்கத்தில் அடித்த நேரம் தெரியும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தூங்கி வழிந்துகொண்டே அடித்தது ஆர் செல்வி, எனவே இரண்டேகால் மணிக்காரி அவள்தான். இப்படியே ஒவ்வொருத்தியாக மீட்டேன். ஒவ்வொன்றும் திரும்பி வரும்போது, “வாடி என் தங்கமே!” என்று திரையிடம் சொன்னேன்.

பதிமூன்று பேர் மிஞ்சினார்கள். தப்பான எழுத்தைக் கொடுத்தால் கோப்பு ஒரேயடியாகப் போய்விடும் என்று நினைத்தேன். அதனால் ஊகிக்கத் துணியவில்லை. அச்சடிக்கவும் துணியவில்லை, அதற்காக டிஸ்கில் எதையாவது எழுதிவிட்டால்? பெண்களைக் கேட்கலாம் என்றால் அந்தப் பதிமூன்று பேரும் ஓவர்டைமில் ஃபாக்டரிக்குள். கேட் ஐந்து மணிக்குத்தான் திறக்கும்.

தாளை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினேன். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு எந்த அப்பா வீட்டில் இருக்கிறார்? எல்லா வீட்டிலும் அம்மாதான். அந்தத் தலைமுறை அம்மாக்கள் வாயால் கணவன் பெயர் வராது. இதை நான் யோசிக்கவே இல்லை.

“சாமி பேருதான்மா,” என்றார் முதல் வீட்டு அம்மா.

“எந்தச் சாமி?”

“மயில்மேல வருவாரே.”

“முருகனா?”

இல்லை என்று தலையாட்டல்.

“சுப்பிரமணி? வேலு? கந்தசாமி? பழனி? ஆறுமுகம்?”

ஒவ்வொன்றுக்கும் தலையாட்டல். அவருக்கு விளையாட்டு பிடித்துவிட்டது, முகமெல்லாம் சிரிப்பு. எனக்குத்தான் உயிர் போகிறது. அந்தச் சாமிக்கு இத்தனை பெயர் எதற்கு என்று அன்றுதான் முதல்முறையாகக் கோபம் வந்தது. கடைசியில் பக்கத்து வீட்டிலிருந்து ஒருவர் பல்லைத் தேய்த்துக்கொண்டே கத்தினார். “சண்முகம்னு சொல்லேன்மா! பொண்ணு பாவம்!”

இப்படியே மூன்று வீட்டில் பக்கத்து வீட்டுக்காரர்கள், ஏழு வீட்டில் ரேஷன் கார்டு, ஒரு வீட்டில் இரண்டாம் வகுப்பு படிக்கும் குட்டித் தம்பி. ஓர் அம்மா சுவரிலிருந்த சனிக்கிழமைப் பெருமாள் காலண்டரைக் காட்டி, கீழே அச்சாகியிருந்த பெயரில் விரல் வைத்தார். பன்னிரண்டு எழுத்துகள் கிடைத்தன.

பிறகுதான் சரோஜாம்மா வீடு, மத்தி மீன்.

“ஏங்க!”

கலாவின் அப்பாவை ஜோகுபாளையத்தில் தெரியாதவர் கிடையாது. கல்யாண பேண்டு செட்டில் டிரம்பெட் வாசிப்பவர். ஊருக்கே அவர் பேண்டு மாஸ்டர். அதனால்தான் நிஜப் பெயர் ஒருவருக்கும் தெரியவில்லை. அக்கம்பக்கத்தில் கேட்டேன். “மாஸ்டர் பேரா? மாஸ்டர்தான்!” ரேஷன் கார்டை எடுத்தால் காலமான மாமியார் பெயரில் இருந்தது, மற்ற பெயர்கள் தண்ணீர் பட்டு அழிந்திருந்தன.

“நான் ஒவ்வொரு பேரா சொல்றேம்மா. நீங்க தலைய மட்டும் ஆட்டுங்க.”

“அய்யோ, தலையாட்டினாலும் சொன்ன மாதிரிதான். அவரு ஆயுசு கொறஞ்சிடும் கண்ணு. இருவத்தாறு வருஷத்துல ஒரு வாட்டி சொன்னதில்ல நானு.”

அப்போதுதான் நடந்ததை முழுசாகச் சொன்னேன். கலாவின் மனு போய்விட்டது, நான்தான் தொலைத்தேன், அவள் வயது இந்த மாதத்தோடு தாண்டுகிறது என்றேன். சொல்லும்போதே மறுபடி அழுகை வந்துவிட்டது. சரோஜாம்மா சிரிப்பை நிறுத்தினார். கையை ஒப்புக்குக் கழுவிக்கொண்டு, முந்தானையைச் செருகினார்.

“அல்சூர்லதான் கல்யாணம். வா, அவரையே கேட்டுக்கலாம்.”

ஓடினோம். நிஜமாகவே ஓடினோம். மீன் வாசனையோடு அவர் முன்னால், தாளும் கையுமாக நான் பின்னால்.

சத்திரத்து வாசலுக்குப் போகும்போது வாசிப்பு முடிந்துவிட்டது. அடுத்த கல்யாணத்துக்குக் கே.ஆர்.புரம் போக பேண்டு செட் மொத்தமும் வேனில் ஏறியிருந்தது. கடைசி ஜன்னலோரம், சிவப்புக் கோட்டும் தங்கச் சரிகைக் கயிறுமாக மாஸ்டர் டிரம்பெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். வேன் உறுமியது.

“ஏங்க!” என்று கத்தினார் சரோஜாம்மா.

வாசலில் வெற்றிலைத் தட்டோடு நின்றவர் திரும்பினார். சாம்பார் வாளிக்காரர் திரும்பினார். கல்யாணப் பெண்ணின் தகப்பனார் பட்டுவேட்டியோடு திரும்பினார். கல்யாணமான ஆண்கள் எல்லோரும் திரும்பினார்கள், மாஸ்டரைத் தவிர.

“ஏங்க! ஏங்க!”

வேன் நகர்ந்தது. சரோஜாம்மா என்னைப் பார்த்தார். என் கையிலிருந்த தாளைப் பார்த்தார். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, அல்சூர் முழுக்கக் கேட்கும்படி கத்தினார்.

“எத்திராஜூ! நில்லு!”

வேன் நின்றது. தெருவே நின்றது. டிரம் வாசிக்கிற பையன், “மாஸ்டர், உங்களத்தான் போல,” என்றான். மாஸ்டர் டிரம்பெட்டோடு இறங்கி வந்தார்.

“யாரு கூப்ட்டது? நீயா?”

சரோஜாம்மா என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு அங்கிருந்தே சொன்னார். “இந்தப் பொண்ணுதாங்க… உங்க பேரு இன்னான்னு உங்களாண்ட கேக்கணும்னுச்சு.”

“அதான் நீயே சொல்லிட்டியே!”

சத்திரத்து வாசல் மொத்தமும் சிரித்தது. நான் சிரிக்கவும் நேரமில்லாமல் ஓட்டம் பிடித்தேன். இ, இ, இ என்று வழி முழுக்க முணுமுணுத்துக்கொண்டே. இங்கிலீஷில் எத்திராஜுக்கு அதுதானே முதல் எழுத்து.

‘இ’யைத் தட்டினேன். கலா வந்துவிட்டாள். முழுசாக, தையல் அனுபவம் ஐந்து வருஷம் என்ற கடைசி வரியோடு. நாற்காலியில் உட்கார்ந்தபடியே கைதட்டிக்கொண்டேன். பிரிண்டர் கிர்ர் கிர்ரென்று கத்தத் தொடங்கியது. அதைவிட இனிமையான சங்கீதத்தை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. இரண்டு மணிக்குக் கரண்ட் போனபோது கடைசித் தாள் பாதியில் நின்றது. யாருடையதென்று பார்த்தேன், என் சொந்த அத்தை மகளுடையது. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அதையும் முடித்துக் கட்டைக் கலாவிடம் கொடுத்தேன். ஒன்பதரைக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள்.

ரஃபீக் சிரித்த சிரிப்பு

அடுத்த வாரம் கம்ப்யூட்டரைப் பார்த்துப்போக ரஃபீக் வந்தார். எங்கள் இரண்டு மெஷினுக்கும் அவர்தான் டாக்டர். என் வீரக் கதையை ஆரம்பத்திலிருந்து சொன்னேன். ‘மயில்மேல வருவாரே’யிலேயே அவர் சிரிக்கத் தொடங்கிவிட்டார். அதற்குத்தான் சிரிக்கிறார் என்று நினைத்தேன்.

“அரே மேடம், எதுக்கு இவ்ளோ ஓட்டம்? எந்த எழுத்து போட்டாலும் ஃபைல் வந்துரும். சும்மா எக்ஸ் போட்டாலும் வரும். உள்ள தொறந்து பேர் பாத்து அப்புறம் மாத்திக்கலாம். பஸ், அவ்ளோதான்.”

செய்தும் காட்டினார். ஒரு கோப்பை அழித்தார், ‘எக்ஸ்’ போட்டார், வந்தது. என் நோட்டில் சிவப்பு மையில் எழுதியது வெறும் தப்பு.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆயுசு குறைந்துவிடும் என்று நடுங்கிய ஒரு அம்மாவை, இருபத்தாறு வருஷத்து விரதத்தை, ஒன்றுமில்லாத ஒரு காரியத்துக்காக நடுத்தெருவில் உடைக்க வைத்திருக்கிறேன். சொல்லி மன்னிப்புக் கேட்டாக வேண்டும் என்று அன்று சாயங்காலமே போனேன்.

அங்கே ஒரே கொண்டாட்டம். கலாவுக்கு இன்டர்வியூ கடிதம் வந்திருந்தது. கூட இன்னும் இருபது பேருக்கும். கலா என்னைக் கட்டிப்பிடித்துச் சுற்றினாள். சரோஜாம்மா காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே ஓடிவிட்டார்.

“அம்மாகிட்ட ஒண்ணு சொல்லணும் மாஸ்டர்,” என்று ஆரம்பித்தேன்.

“இரு, நான் மொதல்ல ஒண்ணு சொல்லிக்கிறேன்,” என்றார் அவர். குரலைத் தாழ்த்தினார். “டிரம்பெட்ட கையில எடுத்ததுலேருந்து ஊரே என்ன மாஸ்டர்னுதான் கூப்புடுது. என் பேரே எனக்கு மறந்துபோச்சும்மா. அன்னைக்கு இவ கூப்ட்டப்பதான், அட, எங்கப்பன் நல்ல பேராத்தான் வெச்சிருக்கான்னு தோணுச்சு. இன்னொரு வாட்டி கூப்புடுடின்னா மாட்டேங்குறா. நீ மறுபடியும் எதனா தொலைச்சிட்டு வாயேன்.”

காபியைக் குடித்தேன். சொல்ல வந்ததைச் சொல்லாமலே எழுந்து வந்தேன்.

கலாவுக்கு வேலை கிடைத்தது. இன்று அவள் பேரப்பிள்ளை எடுத்துவிட்டாள். எண்பது தாண்டிய மாஸ்டர் இன்னும் டிரம்பெட்டைத் துடைத்து வைக்கிறார். இந்தப் பத்திரிகை அவர்கள் வீட்டுக்கு வாராவாரம் போகிறது. அம்மாவுக்குக் கண் தெரியாததால் கலா சத்தமாகப் படித்துக் காட்டுவாள்.

அதனால் இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் சரோஜாம்மா, என்னை மன்னித்துவிடுங்கள். எந்த எழுத்தைப் போட்டிருந்தாலும் கலாவின் மனு வந்திருக்கும். அந்தப் பெயரை நீங்கள் சொல்லியிருக்கவே வேண்டாம். ஆனால் மாஸ்டர் இப்போது பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பார். இன்னொரு வாட்டி சொல்லிவிடுங்கள்.